மூன்றாவது சிடி

"இதுலயும் இல்லலே. நிறுத்திரு."

சங்கரபாண்டியன் கையை வீசிச் சொல்லிவிட்டார். அருண்பாண்டியனுக்கு உடம்பில் இருந்த தெம்பெல்லாம் வடிந்துபோனது. பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, சிடி பிளேயரை இறக்கி, ஒயர் மாட்டி, ஒரு பாட்டுகூட முழுதாக ஓடவில்லை. அதற்குள் தீர்ப்பு.

"எதுப்பா இல்லங்கீங்க?"

"தாளம். அந்த வெங்கலத் தட்டு. சில்லு சில்லுன்னு ஓரத்துல தட்டிக்கிட்டே வருவாம்லா, அது. இதுல அவன் கம்பளியப் போத்திக்கிட்டு அடிக்கான்."

இது மூன்றாவது சிடி. ஒரே வெள்ளைக்காரக் குழுவின் ஒரே ஆல்பம். இருபதாம் ஆண்டுக்கு ஒன்று, இருபத்தைந்தாம் ஆண்டுக்கு ஒன்று, இப்போது பழைய பதிவைத் துலக்கி எடுத்து 'ரீமாஸ்டர்' என்று ஒன்று. கம்பெனிக்காரன் சளைக்காமல் போட்டான்; இவனும் சளைக்காமல் வாங்கினான். அப்பாதான் மசியவில்லை.

எழுபத்தொன்பதில் நூல் மில்லுக்கு எந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊர் திரும்பும்போது அங்கே பிட்டராக இருந்த சங்கரபாண்டியன் கையில் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. இருந்தாலும் அன்றிலிருந்து அதுதான் அவருக்குத் தேவாரம். கோவில்பட்டி முழுக்கச் சிரித்தாலும் அவர் சட்டை செய்யவில்லை.

அவர் காதும் லேசுப்பட்ட காது இல்லை. நூற்கிற எந்திரம் நூறு ஒன்றாக இரைந்துகொண்டிருக்கும்போதே, எதில் பேரிங் தேய்கிறது என்று தூரத்தில் நின்று சொல்லிவிடுவார். முப்பது வருஷ சர்வீஸ். எஞ்சினியரே கைகட்டிக் கேட்டுக்கொள்வாராம். அந்தக் காதை எதிர்த்து அருண் எங்கே பேச?

ஆனாலும் அலைந்தான். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கி வந்தபோது அப்பா "சரி" என்றார். பெங்களூரில் வேலை கிடைத்தபோதும் "சரி" என்றார். தான் கொண்டுவந்து கொடுத்த ஒன்றையாவது, ஒரே ஒரு தடவை, "நல்லாருக்குலே" என்று அவர் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். இதுவும் தோற்றால் இனி தேடுவதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தான். அலுத்துப்போயிருந்தது.

"யப்பா, எனக்குத் தெளிவாக் கேக்குது. முன்னவிடக் கூடவே கேக்குது."

சங்கரபாண்டியன் அவன் வாயையே முறைத்துப் பார்த்தார். யார் பேசினாலும் அப்படித்தான் பார்ப்பார். சின்ன வயதில் அந்தப் பார்வைக்குப் பயந்தே அருண் பாதிச் சங்கதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறான்.

"ஒனக்கு என்னலே தெரியும்? ஈயம் பூசுன பாத்திரமாட்டம் பளபளங்குது. உள்ள ஒண்ணுமில்ல."

"கேசட்டுல மட்டும் இருக்காக்கும்? இருவத்தஞ்சு வருசமா ஓடித் தேஞ்ச நாடா. வெறும் இரைச்சல்தான் மிச்சம்."

"ரெண்டையும் போட்டுப் பாத்துருவமா?"

"பாத்துருவோம்."

இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. பாட்டுக் கேட்பதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். கதவைச் சாத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும், காத்தாடியை நிறுத்த வேண்டும். அருண் எல்லாம் செய்துவிட்டு முதலில் சிடியைப் போட்டான். சத்தத்தையும் கூட்டியே வைத்தான். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்து அவரே எழுந்து பழைய டேப்ரெக்கார்டரில் கேசட்டைச் செருகிப் பொத்தானை அமுக்கினார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அருண் சொன்ன மாதிரியேதான் இருந்தது. நாடா இழுத்தது. பாடுகிறவன் கிணற்றுக்குள்ளிருந்து பாடினான். தாளம் இருக்கிற இடமே தெரியவில்லை. இந்தக் குப்பைக்காகவா இத்தனை அலைச்சல் என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. பாட்டு முடியட்டும், இன்றைக்கு நறுக்கென்று கேட்டுவிடுவது என்று உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது சட்டென்று டேப்ரெக்கார்டரைத் திரும்பிப் பார்த்தான். எழுந்து கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

அப்பாவின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் மட்டும் தனியாக, படு வேகமாக, நாற்காலியின் கைப்பிடி ஓரத்தில் தட்டியது.

"இந்தா… இந்தா வாரான் பாரு," என்றார் கண்ணைத் திறக்காமல்.

முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. அப்படி ஒரு முகத்தை அருண் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. கேட்க நினைத்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, வந்து அவர் எதிரில் உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்து அப்பா கண்ணைத் திறந்து அவன் வாயைப் பார்த்தார்.

"கேக்குதாலே?"

"கேக்குதுப்பா," என்றான் அருண், நிறுத்தி நிதானமாக. "தாளம் நல்லாக் கேக்குது. நீங்க சொன்னதுதான் சரி."

"பெறகு!" அப்பா அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒனக்கும் நல்ல காதுலே. என்னைய மாதிரி."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. சொல்லிவிட்டு அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். சுண்டுவிரல் தட்டத் தொடங்கியது.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வெயிலம்மாள் உள்ளே வந்தாள்.

"ஏலே, கரண்டு போயிப் பத்து நிமிசமாச்சு. பாட்டுப் பொட்டி நின்னது தெரியாம, கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் என்னலே செய்யுதீங்க?"

அப்பா கண்ணைத் திறக்கவில்லை; சுண்டுவிரல் தட்டிக்கொண்டே இருந்தது. அருண் உதட்டில் விரலை வைத்தான்.

"சத்தம் போடாதம்மா. அப்பா பாட்டுக் கேக்காவ."