நாலாவது வீட்டுக் கேபிள்

"தரப் பரிசோதனை! வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா கதவைத் திறங்க!"

மூன்றாவது தடவை மணியடித்த பிறகுதான் தையல்காரம்மா வந்து கதவைத் திறந்தாள். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் குண்டூசி. வாசலில் நின்ற பரிசோதகரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசியைக் கையில் எடுத்தாள்.

"வாங்க சார், வாங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க."

பரிசோதகர் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பிராட்பேண்ட் கம்பெனியில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். வீடு வீடாகப் போய், கேபிளை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, நூற்றுக்கு மார்க் போடுவார். அறுபதுக்குக் கீழே இறங்கினால் அந்த நிமிஷமே இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மறுபடி கொடுக்க எட்டு நாள் ஆகும். எந்தெந்த வீடு என்பதைத் தலைமை அலுவலகத்துக் கணினி குலுக்கிப் போட்டு அனுப்பும். இன்றைய பட்டியலில் இது நாலாவது.

"சார், ஒண்ணே ஒண்ணு. பொண்ணுக்கு நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இன்டர்வியூ. கம்ப்யூட்டர்லதான் பேசணுமாம். ரெண்டு வருஷமா வேலை தேடுறா. கொஞ்சம் பார்த்துப் போடுங்க."

"பார்க்கத்தாம்மா வந்திருக்கேன். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேபிள் போட்டவர் சொன்ன நேரத்துக்கு வேலையை ஆரம்பிச்சாரா?"

"நல்லா ஆரம்பிச்சார்! எட்டு மணின்னு சொல்லிட்டுப் பதினொண்ணுக்குத்தான் ஏணியையே எடுத்தார். 'பிடி, பிடி'ன்னு ஒரே கூப்பாடு. பிடிச்சுப் பிடிச்சு என் கை வீங்கிப்போச்சு."

பரிசோதகருக்குச் சுருக்கென்றது. "ஏணி மேல நிக்கிறவனுக்குத்தாம்மா அந்தக் கஷ்டம் தெரியும்" என்று முனகிக்கொண்டே ஐந்து மார்க்கைக் கழித்தார்.

வெளிச்சுவரில் ஸ்கேலை வைத்து அளந்தார். "கிளிப்புக்குக் கிளிப் முப்பது சென்டிமீட்டர் இருக்கணும். இங்க நாப்பத்தஞ்சு."

"கிளிப் தீர்ந்துபோச்சுன்னார். கடையில வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன். 'உனக்கென்ன தெரியும், சும்மா இரு'ன்னுட்டார் சார்."

"அப்படியா சொன்னார்?"

"அப்படியேதான். அட்சரம் பிசகலை."

பரிசோதகர் ஸ்கேலையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்து மார்க் போயிற்று.

"அம்மா, போதும்மா! நீ பேசப் பேச மார்க் குறையுது!" என்று ஜன்னலிலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

தையல்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவள் நாக்கு கடிக்கெல்லாம் அடங்குகிற ஜாதியில்லை. கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு வந்ததும் மறுபடி அவிழ்ந்துகொண்டது.

"இதைப் பாருங்க சார். ஒரு கேபிளுக்கு மூணு ஓட்டை! முதல்ல போட்டது கோணல். ரெண்டாவது என் துணி அலமாரிக்குள்ள வந்துடுச்சு. மூணாவதுதான் சரியாம். சொந்த வீடா இருந்தா ஒரு மனுஷன் இப்படிப் பண்ணுவாரா?"

பரிசோதகர் வேண்டுமென்றே இருமினார். "இங்க கேபிள் கொஞ்சம் கீழ தொங்கி வளைஞ்சு நுழையணும். அப்பத்தான் மழைத்தண்ணி உள்ள வராம வெளியவே சொட்டும். வளைவு இல்லை. ஓட்டையையும் அடைக்கலை. எல்லாத்துக்கும் சேர்த்து இருபத்தேழு மார்க் போச்சு."

"அடைக்கலைதான். ஆனா நெட்டு பறக்குது சார்! வந்து பாருங்க."

"வேகம் என் பிரிவு இல்லைம்மா. அதுக்கு மார்க் கிடையாது."

கூட்டிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. கழித்துப் பார்த்தார், மறுபடி கூட்டினார். ஐம்பத்தெட்டு என்னவோ பிடிவாதமாக ஐம்பத்தெட்டாகவே இருந்தது.

பெண் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி வாசலுக்கே வந்துவிட்டாள். "ரெண்டே ரெண்டு மார்க். போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றார் பரிசோதகர். பதினாறு வருஷமாக அவர் யாருக்கும் அரை மார்க்கூடச் சும்மா போட்டதில்லை. இத்தனை வீடுகளில் அழுகையைப் பார்த்தும் அசையாதவர்தான். இன்றைக்கு அவருக்கே அழுகை வந்துவிடும்போல இருந்தது. ஆனாலும் பையிலிருந்து சாவியை எடுத்து, சுவரோரப் பெட்டியைத் திறந்து, கேபிளைத் திருகிக் கழற்றிவிட்டார்.

பெண் உள்ளே போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எட்டு நாள்" என்றாள் தையல்காரம்மா. "இன்டர்வியூ நாளைக்கு."

"சட்டம்மா. நான் என்ன செய்ய?"

"சட்டம்தான். யார் இல்லைன்னா? பாக்கியையும் எழுதிட்டுப் போங்க. எதுக்கு அரைகுறையா விடணும்?"

படிவத்தில் 'கேபிள் போட்டவர் பெயர்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அந்தப் பெயருக்குரியவர் தலைமை அலுவலகத்தில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். பரிசோதகர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, அதில் தன் பெயரையே எழுதினார்.

"ஆச்சா? இப்ப அந்த அடையாள அட்டையைக் கழட்டி வெச்சுட்டு, உள்ள போய் உங்க பொண்ணுக்கு நீங்களே சமாதானம் சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி.