மாற்றுச் சாவி

சாவியைக் கேட்டேன். தரமாட்டேன் என்றுவிட்டான்.

என் டிராக்டர். என் டீசல். பின்னால் மாட்டியிருக்கும் புல்வெட்டியும் என் பெயரில் வாங்கியது. ஓட்டுகிறவன் மட்டும் என் மனைவியின் தம்பி. அந்த ஒரு உரிமையில்தான் இவ்வளவு திமிர்.

"சாவி என் பாக்கெட்லயே இருக்கட்டும் மாமா" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான்.

அதுவும் யார் எதிரில்? மைதானத்து வாட்ச்மேன் எதிரில். அந்த ஆள் பெஞ்சில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே சிரித்தான். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

மூன்று மணிக்கு மேட்ச். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. பாதி மைதானம்கூட முடியவில்லை. கோல் போஸ்டைச் சுற்றிப் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. இன்று சொதப்பினால் அடுத்த வருஷம் இந்த மைதானத்தில் புல் வெட்டும் வேலை உங்களுக்கு இல்லை என்று மைதான ஆபீஸில் காலையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஏன் முடியவில்லை? வந்ததும் மச்சான் அவர்கள் டிராக்டரில் ஏறவில்லையே. கையில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மைதானம் முழுக்க நடந்தார். கல் பொறுக்கினார். பாட்டில் பொறுக்கினார். ஒரு கம்பித் துண்டு கிடைத்ததும் புதையலே கிடைத்ததுபோல என்னிடம் தூக்கிக் காட்டினார். பிளேடில் ஒரு கல் பட்டால் அது எங்கே போய் யார் மண்டையைப் பிளக்கும் என்று சொல்ல முடியாதாம்.

எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். புல் வெட்ட வந்தாயா, வாக்கிங் வந்தாயா என்று சத்தம் போட்டேன். கடைசி மூலைக்குப் போகும் முன்பே கூப்பிட்டு வண்டியில் ஏற்றினேன்.

அந்த மூலையில்தான் கிழிந்த வலை ஒன்று புல்லுக்குள் கிடந்திருக்கிறது. பிளேடில் சுற்றிக்கொண்டது.

அதற்கு நான் என்ன செய்வேன்? வலையை நானா கொண்டுவந்து போட்டேன்?

சரி, சிக்கினது சிக்கிவிட்டது. சட்டென்று அறுத்துப் போட்டுவிட்டு ஓட்ட வேண்டியதுதானே. அதுவும் கிடையாது. பிளேடைச் சுழற்றும் லீவரை மேலே தள்ளி விடுவித்தான். புல்வெட்டியைத் தூக்கினான். எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டான். சத்தம் முழுக்க அடங்கும்வரை சீட்டிலேயே கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பிறகு இறங்கி, அடியில் இரண்டு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தான். நான் சாவியைக் கேட்டது அப்போதுதான்.

அத்தோடு விட்டானா? முன்பக்கம் போய் பானெட்டைத் திறந்து எதையோ நோண்டினான். சிக்கல் பின்னால் இருக்கிறது, இவன் முன்னால் நோண்டுகிறான். இதையெல்லாம் கேட்டால் நான் பொல்லாதவன்.

ஒருவழியாகக் கட்டிங் பிளேயரோடு புல்வெட்டிக்கு அடியில் நுழைந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, இவளிடம் கேட்பதுதான். உன் தம்பி என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறான்? சொந்த வண்டியின் சாவிக்கு நான் நாலு பேர் எதிரில் கையேந்தி நிற்க வேண்டுமா? கேட்காமல் விடப்போவதில்லை.

கால் மணி நேரம் ஆனது. அடியில் இடம் போதவில்லை போலிருக்கிறது, கால்கள் இப்படியும் அப்படியுமாகத் துழாவின. புல்வெட்டியை இன்னும் ஒரு சாண் தூக்கிக் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. அதற்கு எஞ்சின் ஓட வேண்டும். அதற்குத்தான் சாவி கேட்டேன். விளையாடவா கேட்டேன்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஷெட்டில் நிற்கும் இன்னொரு டிராக்டரின் சாவி என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. இரண்டும் ஒரே மாடல். ஒரே சாவி இரண்டுக்கும் பொருந்தும்.

வாட்ச்மேன் பார்க்கட்டும் என்றே நிமிர்ந்து நடந்துபோய் ஏறினேன். சாவியை எடுத்துக்கொண்டு, சீட்டுக்குப் பக்கத்தில் கைக்கு வந்த கம்பியில் பையை மாட்டினேன். லீவரைத்தான் அவன் விடுவித்துவிட்டானே, பிளேடு எப்படிச் சுற்றும்? பன்னிரண்டு வருஷத்தில் இதுகூடத் தெரியாதவனா நான்?

திருகினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை.

மறுபடியும் திருகினேன். பேட்டரியையும் பாழாக்கி வைத்திருக்கிறான். உரக்கவே திட்டினேன். வண்டியை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லை, சாவி மட்டும் இவர் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டுமாம்.

கால்கள் அசைவதை நிறுத்தின. அவன் மெதுவாக வெளியே வந்தான். முகமெல்லாம் புல் ஒட்டியிருந்தது. என் கையில் இருந்த சாவியைப் பார்த்தான். பிறகு என் பையைப் பார்த்தான்.

நானும் பார்த்தேன்.

நான் பையை மாட்டியிருந்தது பிளேடு லீவரில். பையின் கனத்தில் அது அடிவரை இறங்கியிருந்தது. எஞ்சின் ஓடியிருந்தால் அந்த நொடியே பிளேடும் சுற்றியிருக்கும்.

அவன் பையைக் கழற்றினான். லீவரை மேலே தள்ளினான். இடது உள்ளங்கையை விரித்தான். அதில் எண்ணெய்ப் பிசுக்கோடு பேட்டரி வயரின் நட்டு இருந்தது.

எனக்குக் கோபம் அப்போதும் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சாவியைத்தான் நீ வைத்துக்கொண்டாயே, அப்புறம் எதற்கு வயரையும் கழற்றினாய் என்று கேட்டேன். அதட்டலாகக் கேட்க நினைத்தது, பாதிக் குரலில்தான் வந்தது.

"அக்காதான் சொல்லுச்சு மாமா. நீங்க பக்கத்துல நிக்கிறப்ப மட்டும் அதையும் கழட்டிட்டு அடியில போகச் சொல்லுச்சு."

பையை என்னிடம் நீட்டினான். கனமாக இருந்தது. காலையில் எங்கள் இருவருக்கும் அவள் கட்டிக் கொடுத்த சாப்பாடு உள்ளே அப்படியே இருந்தது.