அத்தைக்கு நாலு

அவன் லேப்டாப்பை மூடுவதற்குள் அத்தை நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

பை இன்னும் தோளில்தான். பழனியிலிருந்து திண்டுக்கல் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். உட்கார இடம் இருந்திருக்கும். அந்தக் கோபத்தில் உட்காரத் தோன்றியிருக்காது.

"எனக்கு நாலு. உங்க சித்திக்கு ஒண்ணு. ராங்க் போட்டுருக்கியாடா?"

அவன் லேப்டாப் மூடியிலிருந்து கையை எடுத்தான்.

அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை அவன்தான். ஊருக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுக்கிறவன் தன் கல்யாணத்துக்குச் செய்யாமல் இருப்பானா? செய்தான். பத்திரிகை, மண்டபத்துக்கு வழி, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பட்டியல். பெயர், ஊர், வகை.

வகையைக் காட்டாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நமக்கு ஏது கதை?

சொந்தத்தில் பாதிப்பேர் அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் அதைத் திறந்து பார்த்தார்கள். பெயருக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அம்மாவின் தங்கை சுகந்தி, ஒன்று. அங்கயற்கண்ணி அத்தை, நான்கு.

அப்பாவுக்கு ஒரே தங்கை. மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க வேண்டியவள். அவள் வராவிட்டால் மணவறைப் பக்கமே தலைகாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்பா உப்பு வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

வீட்டில் உப்பு இருந்தது.

"ராங்க் இல்ல அத்தை. ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாடியும் ஒரு பேர் இருக்கு. அந்தப் பேர்தான் தெரியணும். ஒரு வரிய நான் தப்பா எழுதிட்டேன், நம்பரே வந்துருச்சு."

உண்மை. முழுக்க உண்மை. அதுதான் அவன் செய்த இரண்டாவது தப்பு.

"அப்ப அந்தப் பேரை வர வை. பாத்துட்டுத்தான் காப்பி."

சமையலறை வாசலில் அம்மா, டம்ளரும் கையுமாக அப்படியே நின்றாள்.

பின்னே? அந்த வகைகளுக்குப் பெயர் வைத்தது அம்மாவாயிற்றே. கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள். அவன் காதில் விழுந்தபடியே லேப்டாப்பில் அடித்தான்.

ஒன்று, இவங்க இல்லாம கல்யாணமே இல்ல.

இரண்டு, அக்கம்பக்கம்.

மூன்று, அப்பா ஆபீஸ்.

நான்கு, வந்தா சண்டை.

அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அம்மா வந்து பேச ஆரம்பித்துவிடுவாள்.

அத்தை மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, பையனுக்கு விரல் வேகம். அவள் கண்ணாடியை மாட்டுவதற்குள் நான்காம் வகையைத் திறந்து, அம்மா சொன்னதை அழித்து, வேறொன்றை அடித்துவிட்டான். யோசிக்க நேரமில்லை. எதிர்வீட்டுக் கல்யாண பிளெக்ஸில் பார்த்த சொல்தான் கைக்கு வந்தது.

அப்புறம் அந்த வரியையும் திருத்தினான். பக்கம் புதிதாய் வந்தது.

அங்கயற்கண்ணி, பழனி, குடும்பத் தூண்.

அத்தை படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். கழுத்து நிமிர்ந்தது. பை தோளிலிருந்து இறங்கியது.

அம்மா டம்ளரோடு ஓரடி முன்னால் வந்தாள்.

அதோடு லேப்டாப்பை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. தூணானவள் பட்டியலைக் கீழே நகர்த்தினாள்.

ஓரிடத்தில் மாற்றினால் நாலாம் எண்காரர்கள் எல்லோருக்கும் மாறிவிடும் என்பது ஊருக்கே வெப்சைட் செய்கிறவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தனுஷ்கோடி, வடமதுரை, குடும்பத் தூண்.

போன கல்யாணத்தில் பெண்வீட்டாரிடம் வேட்டியை மடித்துக் கட்டியவர்.

சம்பூர்ணம், நத்தம், குடும்பத் தூண்.

பாயசம் தீய்ந்துவிட்டதென்று காதுகுத்து வீட்டிலிருந்து சமையல்காரரை ரோடு வரை விரட்டியவள்.

குருவம்மா, ஒட்டன்சத்திரம், குடும்பத் தூண்.

இந்தக் குருவம்மாவும் நம் அத்தையும் ஒரு வளைகாப்பில் ஜமுக்காளத்தின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு... வேண்டாம், விடுங்கள். தெருவே கூடி நின்று பார்த்ததுதான்.

அத்தை பட்டியலில் மேலே போனாள். கீழே வந்தாள். மறுபடி மேலே போனாள்.

தூண்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள்.

பிறகு கையை நீட்டினாள். அம்மா டம்ளரைக் கொடுத்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது. ஆறிப்போச்சு என்று அத்தை சொல்லவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"அந்த நாலே இருக்கட்டும்டா."

அவன் மாற்றினான். நான்கு வந்தது.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஒரு காலில் செருப்பை மாட்டினாள். மறு காலை மாட்டாமல் உள்ளே பார்த்தாள்.

"மதினி, ஆரத்தித் தட்டை நானே கொண்டாறேன். சண்டைய இந்தத் தடவ தனுஷ்கோடி பாத்துக்கிடட்டும்."

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அம்மா அவனைப் பார்த்தாள்.

அவன் லேப்டாப்பைப் பார்த்தான். அதில் நான்கு மட்டும்தான் இருந்தது, சண்டை என்று எங்குமே இல்லை.