கோணல் கோடு

“இப்பச் சந்தோஷமா உனக்கு? மாமா கண்ணைப் பாரு!”

மாமியார் போட்ட சத்தத்தில் மருமகள் கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கூடத்து நாற்காலியில் மாமனார் தலையைச் சாய்த்துக் கிடந்தார். இமை இரண்டும் வீங்கி, மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

“ராத்திரி பூரா மனுஷன் பொட்டுத் தூக்கம் தூங்கல. மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குதாம். காலையில கூட்டிட்டுப் போனா, கண் டாக்டர் பார்த்ததுமே கேட்கிறார், ‘வீட்டுல யாராவது வெல்டிங் பண்றாங்களா’ன்னு. நான் என்னத்தைச் சொல்ல? எங்க வீட்டு மகாலட்சுமிதான் பண்றான்னா?”

மருமகளுக்குச் சுருக்கென்றது. கற்றுக்கொள்ள ஆரம்பித்த புதிதில், முகமூடியை இறக்க மறந்து பற்றவைத்துவிட்டு அவளும் இதே பாடுதான் பட்டாள். அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தவரை அது சும்மா விடாது.

மாமனார்தான் தினமும் பார்க்கிறாரே! சாயங்காலம் அவள் ஆபீசிலிருந்து வந்து பின்கட்டு ஷெட்டில் நுழைந்தால் போதும், வாசலில் வந்து நின்றுகொள்வார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கடவுள் அவருக்குக் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு, நாக்கில் பிரம்பை வைத்துவிட்டார்.

வெல்டிங் மிஷின் வந்த அன்றைக்கே தொடங்கியது அந்தப் பிரம்படி.

“இதென்ன, டிபன் பாக்ஸா?”

“பெரிசு வாங்கினா நம்ம வீட்டு கரண்ட்டு தாங்காது மாமா. பைக்குக் குழாய் மெல்லிசு. அதுக்கு இந்தச் சின்னதே போதும்.”

“அதுக்குப் போதும். உனக்குப் போதுமா?”

பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த மோட்டார் சைக்கிள் அது. அதைத் தன் கையாலேயே சீர்செய்து, பின்னால் ஒரு கேரியரும் வைத்து ஓட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மாமனாருக்கோ அந்தக் கேரியர்தான் தினசரிப் பலகாரம்.

“இது வெல்டிங்கா, இல்ல பைக்குக்கு அம்மை போட்டிருக்கா? இதுல ஒரு பூனை உட்கார்ந்தா, கேரியரும் பூனையும் சேர்ந்து ரோட்டுல கிடக்கும்.”

அவள் முகமூடியை எடுத்து மாட்டுவாள். அது வேறு தொளதொளவென்று மூக்கு வரை இறங்கும். தலைக்குப் பின்னாலிருக்கும் திருகை ஒவ்வொரு நாளும் இறுக்கித்தான் ஆகவேண்டும். மலிவாகப் பார்த்து வாங்கினால் இப்படித்தான் என்று தன்னையே நொந்துகொள்வாள்.

“நேர்கோடுன்னா என்னன்னு தெரியுமா? ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற குறைஞ்ச தூரம். நீ என்னடான்னா ஊரையே சுத்திட்டு வர்றே. என் கிளாஸா இருந்தா உன்னைப் பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்.”

அப்படி நின்று நின்றுதான் இன்று இந்தக் கதி. கேலி செய்தாலும் வயதானவர். அவர் வாசலில் நிற்பது தெரிந்தும் பற்றவைத்தது தன் தப்புதான் என்று அவளுக்குத் தோன்றியது.

“அந்தச் சனியன் இந்த வீட்டுல இருக்கக் கூடாது,” என்றார் மாமியார். “மிஷினா, மாமா கண்ணா, நீயே முடிவு பண்ணு.”

“மாமா கண்ணுதான் அத்தை,” என்றாள் மருமகள்.

கேரியரில் இன்னும் ஒரு பக்கம் ஒட்டவேண்டியிருந்தது. கடைக்குப் போன் செய்தாள்; திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

பிறகு ஒரு வெள்ளைத் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மாமனாரின் கண்கள்மேல் மெதுவாக வைத்தாள். சூடேறியதும் எடுத்து, மறுபடி நனைத்து வைத்தாள்.

“மன்னிச்சுக்குங்க மாமா. நீங்க நிக்கிறதைப் பார்த்ததுமே நிறுத்தியிருக்கணும். இன்னிக்கே கொண்டுபோய்க் கொடுத்துடறேன்.”

“கொடு, கொடு,” என்றார் துணிக்கு அடியிலிருந்து. “பைக்கு பிழைச்சுது.” ஆனால் குரலில் வழக்கமான காரம் இல்லை.

அவள் ஷெட்டுக்குப் போனாள். மிஷினைப் பெட்டிக்குள் வைத்து, வயரைச் சுருட்டிச் செருகினாள். கடைசியாக முகமூடியை எடுத்துப் பழக்கதோஷத்தில் தலையில் மாட்டிப் பார்த்தாள். நேற்று இறுக்கிய திருகு, இன்றும் தளர்ந்து கிடந்தது. சரி, இந்தத் தொல்லையாவது விட்டது என்று அதையும் பெட்டியில் போட்டு மூடினாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டும்போது, “நில்லு,” என்றார் மாமனார்.

“அவ போகட்டும் விடுங்க,” என்றார் மாமியார். “இன்னும் என்ன நொட்டை சொல்லணும்?”

மாமனார் கண்மேலிருந்த துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அது இன்னும் சில்லென்றிருந்தது. மனைவி இருந்த பக்கம் திரும்பாமல், மருமகள் நின்ற திசையில் முகத்தை நீட்டினார். நாக்கிலிருந்த பிரம்பு எங்கோ விழுந்துபோயிருந்தது.

“கொண்டுபோகாதம்மா... பகல்ல திருட்டுத்தனமாப் பழகியும், எனக்கு இன்னும் கோடு நேரா வரல.”