மாலை போடாத படம்

பாலத்தில் மெட்ரோ கடக்கும்போதெல்லாம் புலம்பெயர் தமிழர்களின் கடைத்தெருவான லா சப்பலில், பூக்கடையின் வாளிகளில் தண்ணீர் நடுங்குகிறது. தர்மிளா மல்லிகைச் சரத்தை, மரி-லூயிஸ் கொண்டுவந்த பழைய படத்தின் மேல் வைத்து அளவு பார்க்கிறாள். படத்தில் தோல் தொப்பி அணிந்த பாண்டிச்சேரி இளைஞன் ஒருவன் பாதி சிரிக்கிறான். "என் சித்தப்பா. ரெண்டாம் உலகப் போர்ல குண்டு போடப் போன பிளேன்ல, வால் பக்கம் துப்பாக்கியோட உட்கார்ந்திருந்தவரு. ஒரு ராத்திரி போன பிளேன் திரும்பல. எண்பது வருஷம் கழிச்சு, போன மாசம்தான் எலும்பு கிடைச்சுதுன்னு கடிதம் வந்துச்சு" என்கிறார் மரி-லூயிஸ்.

"இவ்வளவு காலமும் மாலை போடேல்லையோ அன்ரி?"

"அவரோட அம்மா விடல. மாலை போட்டா அவன் செத்துட்டான்னு நாமே சொன்ன மாதிரி ஆயிடும்னாங்க. அவங்க போன பிறகும் யாருக்கும் மனசு வரல."

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த தர்மிளாவின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. கல்லாவுக்கு மேலே சாமிப் படங்களின் வரிசையில், வன்னியில் கடைசிச் சண்டையில் காணாமல் போன அவள் அண்ணனும் இருக்கிறான். தினமும் சாமிகளுக்குப் பூ வைப்பவள் அந்தப் படத்தை மட்டும் துணியால் துடைத்துவிட்டு நகர்வாள். மரி-லூயிஸின் பார்வை அங்கே போகிறது. "அவரு யாரும்மா?"

"அண்ணை" என்கிறாள் தர்மிளா, நூலை வெட்டியபடி. "இன்னும் வரேல்லை."