ஒன்பது பாகம்

நூலகர் லியோனார்ட் அந்தத் தடித்த தொகுப்பை மேசைமேல் போட்ட விதத்தில், நாய்க்குத் தட்டைத் தள்ளுகிற அலட்சியம் இருந்தது.

"பத்தொம்பது வருஷத்துப் பழைய இதழ். இந்த லைப்ரரில இத்த ஒருத்தரும் தொட்டதில்ல. காப்பி அடிக்கணும்னா மட்டும் எப்படித்தான் மோப்பம் புடிக்கிறீங்களோ!"

"நான் இத்த இப்பதான் சார் பாக்கறேன்."

நூலகர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். தூசியைத் துடைத்தாரா, அவளைத் துடைத்தாரா என்று நர்மதாவுக்குத் தெரியவில்லை.

மணி மூன்றே கால். நான்கு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் ப்ராஜெக்ட் ரத்து. ப்ராஜெக்ட் போனால் விலங்கியல் பட்டம் போச்சு. மூன்று வருஷம் கடலில் கரைந்த மாதிரி.

காலையில் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, வரலட்சுமி மேடம் அவளுடைய நண்டு ஆய்வைக் கையில் தூக்கிக் காட்டினார். எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே நண்டு வலை போடும் மூன்று இடங்கள். மூன்றின் ஆழமும் செல்வநாதன் என்கிற பேராசிரியர் எப்போதோ எழுதிய கட்டுரையில் அப்படியே இருக்கிறது. ஒரு புள்ளி மாறவில்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றும் தப்பு. பதினாறரை மீட்டர் என்று இருவரும் எழுதிய இடத்தில், கப்பல்களுக்கான கடல் வரைபடம் பதினான்கு என்கிறது.

"சரியான விடை ரெண்டு பேருக்கு ஒண்ணா வரும். தப்பு எப்படிம்மா ஒண்ணா வரும்?"

வகுப்பு சிரித்தது. முதல் வரிசை கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தது.

நர்மதா தொகுப்பைத் திறந்தாள். பழைய பசையின் வாடை முகத்தில் அடித்தது. கட்டுரையைக் கண்டுபிடித்தாள். அட்டவணையில் விரலை வைத்தாள். பதினாறரை. பக்கத்தில் அடைப்புக்குள் சின்ன எழுத்தில்: ஒன்பது பாகம்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கி, இழுக்கும்போது பாகம் பாகமாய் அளப்பார்கள். யார் அளந்தாலும் அங்கே ஏழரைதான் வரும்.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் ஒன்பது வரும்.

அவள் பிறப்பதற்கு முன்பே விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கி, அவள் அப்பா பொன்னுரங்கத்தின் இடது முழங்கை நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு அது நிமிர்ந்ததே இல்லை. அவருடைய பாகம் குட்டை. எண்ணிக்கை கூடிவிடும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அத்தனை பேருக்கும் இது தெரிந்த கேலி: "பொன்னுரங்கம் ஒம்போதுன்னா நீ ஒண்ணரைய கயிச்சிக்க மாமு."

ஆக, செல்வநாதனும் அவரிடம்தான் வாங்கியிருக்கிறார்.

அவள் அவசரமாய்க் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நிதி கொடுத்த அலுவலகத்துக்கு நன்றி. துறைத்தலைவருக்கு நன்றி. ஜீப் ஓட்டியவருக்கு நன்றி. தட்டச்சு செய்தவருக்கும் நன்றி.

அவ்வளவுதான்.

நர்மதா தொகுப்பைப் பட்டென்று மூடினாள். திருட்டுப் பயல். நொறுங்கின கையால் அளந்தவனுக்கு ஒரு வரி இல்லை. இந்த ஆளிடமிருந்தா நான் திருடினேன்?

போனை எடுத்தாள்.

"பேசறதுன்னா வெளிய போ" என்றார் லியோனார்ட், தலையைத் தூக்காமல்.

தன் ப்ராஜெக்ட் பிரதியை அணைத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்தாள். மறுமுனையில் ஐஸ் உடைக்கிற இரைச்சல். அதற்கு மேலே கத்தித்தான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆங், அந்தக் கண்ணாடிக்காரு!" என்றார் பொன்னுரங்கம். "ரெண்டு நாளு போட்ல வந்தாரு. வாந்தி எடுத்துக்கினே எழுதினாரு. அவரு புக்குல என் பேரு கீதா?"

"இல்ல நைனா."



"பேமானி" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். "சரி, அத்த உடு. என் பொண்ண திருடின்னு சொன்ன அந்த டீச்சரம்மா எங்க கீது? ஆட்டோ புடிச்சி அரை அவுர்ல வரேன். அந்தம்மா முன்னாலயே கையை நீட்டி அளந்து காட்டறேன். நான் அளந்தத, என் பொண்ணு என்னாண்ட கேட்டு எழுதிகீது. இதுல இன்னா திருட்டு?"

"வா நைனா. சீக்கிரம் வா."

"எனக்கு எழுத்துதான் ஓடாது, நம்பர் தெரியும். நீ என் பேரு போட்டுகிற பக்கம் எத்தினின்னு மட்டும் சொல்லு. நானே தொறந்து அவ மூஞ்சிக்கு நேரா காட்டறேன்."

நர்மதா ப்ராஜெக்டைத் தோளுக்கும் சுவருக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துப் புரட்டினாள். பதினான்காம் பக்கத்தில் அட்டவணை. அதற்கு அடியில், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில், போன மாதம் அவளே தட்டச்சு செய்து, இரண்டு முறை பிழை பார்த்த வரி.

'ஆழம்: ஆய்வாளர் நேரில் அளந்தது.'

"இன்னா, லைன்ல கீறியா?"

"பதினாலு, நைனா" என்றாள்.