குற்றாலத் துண்டு

பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் முதலிடம் வந்த பள்ளிகளுக்குப் பொன்னாடை போர்த்தி முடிந்தது. கடைசிப் பள்ளியைக் கூப்பிட்டார்கள்.

அதன் தலைமை ஆசிரியை அவள். எழுந்து மேடைக்குப் போனாள். ஒன்றியத்துத் தலைமை ஆசிரியர்கள் அத்தனை பேரும் எதிரே.

"எழுபத்தஞ்சு சதவீதம். ஒன்றியத்துக்கே கடைசி. என்ன காரணம்?" என்றார் அதிகாரி.

காரணம் அவளுக்குத் தெரியாதா? கரட்டடிப் பள்ளி. பத்தாம் வகுப்பில் நாலே பிள்ளைகள். வைரச்செல்வி ஒருத்தி கணக்கில் ஃபெயிலாகிப் போய்விட்டாள். அங்கே ஒரு பிள்ளை போனால் கால்வாசிப் பள்ளி போன மாதிரி.

கணக்கு டீச்சரும் அவளேதான். வாயைத் திறக்க முடியுமா?

இன்னொன்றும் இருந்தது. பரீட்சை தொடங்கிய அன்று வைரம் ஆடு பத்திக்கொண்டு கரட்டு மேட்டுக்குப் போய்விட்டாள். அப்படியே விட்டிருக்கலாம். எழுதாத பிள்ளை சதவீதத்தில் சேராது. பள்ளி நூற்றுக்கு நூறு. அவளும் இன்று முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பாள்.

இரவல் ஸ்கூட்டரில் தேடிப் போய், கையைப் பிடித்து இழுத்து வந்து எழுத உட்கார வைத்தது யார்? சாட்சாத் இவள்தான்.

இது ஒன்றியம் முழுக்கத் தெரிந்த கதை.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்று பின்வரிசையில் யாரோ முனகினார். சிரித்தார்கள்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதுவிடக் கூடாதே என்று மட்டும் இருந்தது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

வைரத்தின் அம்மா.

கையில் புதுக் குற்றாலத் துண்டு. கடைக்காரர் ஒட்டிய சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

யாரையும் கேட்கவில்லை அந்த அம்மாள். விறுவிறுவென்று மேடையேறித் துண்டை விரித்து அவள் தோளில் போர்த்தினாள்.

"டீச்சரை மேடையில ஏத்துறாகன்னு பள்ளிக்கூடத்து ஆயா சொல்லுச்சு. வெறுங்கையோட வரலாமா? அஞ்சுல நாலு பாடம் பாஸுங்கய்யா எம்புள்ள! எங்க வம்சத்துல ஒரு பாடம் பாஸானவுக உண்டா?"

பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் போத்தலையாய்யா?"

அதிகாரி தண்ணீர் எடுத்துக் குடித்தார். கடைசிக்கு முந்தின பள்ளியைக் கூப்பிட்டார்.

அவள் மனசுக்குள் அந்த அம்மாளைக் கும்பிட்டாள். புண்ணியவதி, எந்த நேரத்தில் வந்து நின்றாய்! நன்றி என்று சொன்னால் போதுமா இதற்கு? காய்த்துப்போன அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். அப்புறம் விடவேயில்லை.

பஸ்ஸிலும் துண்டை எடுக்கவில்லை.

டிக்கெட் கிழித்த கண்டக்டருக்குச் சிரிப்பு.

"என்ன டீச்சர், அருவிக் குளியலா?"

"இல்லண்ணே. பரிசு."

"அட! எதுல?"

அவள் தன் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்த வைரத்தின் தாயைப் பார்த்தாள்.

"கணக்குல."